சாப்பிட்ட பிறகு

டாக்டர் படிப்பை முடித்துவிட்டு வந்தவளிடம் ஒரு கட்டு வெள்ளைத் தாளைக் கொடுத்து "எழுது" என்றால் கோபம் வராதா? எனக்கு வந்தது. பரீட்சை எழுதி எழுதி நடுவிரல் காய்த்துப் போயிருந்த காலம் அது. இனிமேல் சீட்டில் மருந்துப் பெயரைத் தவிர வேறெதையும் எழுதுவதில்லை என்று கங்கணம் கட்டிக்கொண்டிருந்தேன்.

எழுபதுகளின் கடைசி. ஊர்ப்புறத்தில் ஜெனரல் பிராக்டிஸ் செய்ய விரும்புகிற இளம் டாக்டர்களுக்கென்று ஒரு பயிற்சி தொடங்கியிருந்தார்கள். நாங்கள் மூன்று பேர். புதுச்சேரியிலிருந்து வில்லியனூருக்கு அந்தப் பக்கம், கிறிஸ்தவர்கள் நிறைந்த ஒரு கிராமத்துச் சுகாதார நிலையத்தில் எங்களை விட்டார்கள். வெளிநாட்டில் படித்துத் திரும்பியிருந்த ஒரு பேராசிரியர் முதல் நாள் வந்து விஷயத்தைச் சொன்னார். வாரம் ஒரு நோயாளியைப் பற்றி எழுத வேண்டும். கேஸ் ஷீட் மாதிரி இல்லை. அவர் என்ன சொன்னார், நீ என்ன சொன்னாய், உனக்கு என்ன தோன்றியது, அடுத்த முறை என்ன செய்வாய். சனிக்கிழமை மத்தியானம் மூவரும் உட்கார்ந்து, எழுதியதைப் படித்துக் காட்ட வேண்டும். கேட்கிறவர்கள் யோசனை சொல்லக் கூடாது, கேள்வி மட்டும்தான் கேட்கலாம். இவ்வளவையும் சொல்லிவிட்டு மனிதர் ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்.

"நோயாளியப் பாக்கவே நேரமில்ல, இதுல கட்டுரைப் போட்டி வேற" என்றேன். மற்ற இருவரும் சிரித்தார்கள்.

அந்த இருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒருத்தி புதுச்சேரி டவுன்காரி. முத்து முத்தான இங்கிலீஷில், அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதுவாள். இன்னொருவன் மணப்பட்டுக்காரன், மீனவக் குடும்பம். வயற்காட்டு ஊர்களின் வழக்கம் எதுவும் அவனுக்குத் தெரியாது. தெரியாததைக் கேட்க வெட்கப்படவும் தெரியாது.

நான் வில்லியனூர் கடைத்தெரு. எங்களுக்கு மளிகைக் கடை. வாடிக்கையாளர் படியேறும்போதே அவருக்கு என்ன வேண்டும் என்று அப்பாவுக்குத் தெரிந்துவிடும். வந்தவர் வாயைத் திறப்பதற்குள் பொட்டலம் கட்டி நூல் சுற்றியிருப்பார். அந்தச் சுறுசுறுப்பு எனக்கும் அப்படியே வந்திருந்தது. நோயாளி ஸ்டூலில் உட்காரும்போதே எனக்குப் பாதி வியாதி தெரிந்துவிடும். மீதியைக் கேட்டுக்கொண்டிருக்கப் பொறுமை கிடையாது. வரிசை வேகமாக நகரும். "சின்ன டாக்டரம்மா கிட்ட போனா சீக்கிரம் வூட்டுக்குப் போயிடலாம்" என்று ஊரில் எனக்கு நல்ல பெயர்.

என் முதல் சில வாரத்துத் தாள்கள் கடைச் சீட்டு மாதிரியே இருந்தன. காய்ச்சல், இன்ன மருந்து, சரியாயிற்று. உனக்கு என்ன தோன்றியது என்ற இடத்தில் "ஒன்றும் தோன்றவில்லை" என்று எழுதினேன். உண்மையும் அதுதான்.

அந்த மாதங்களில் எனக்கு மிகவும் பிடித்த நோயாளி ஒரு இளம்பெண். மாதா கோயிலுக்குப் பின்தெருவில் வீடு. புருஷன் டவுனில் மில் தொழிலாளி. கல்யாணத்துக்கு முன் அவளும் டவுனில், கன்னியர் மடத்துத் தையல் கூடத்தில் எம்பிராய்டரி போட்டுக்கொண்டிருந்தவள். குழந்தை பிறந்து சில மாதத்தில் இருமல் பிடித்து, காசநோய் என்று தெரிந்தது. தெரிந்த அன்றைக்கே நெட்டப்பாக்கத்திலிருந்து அவள் அக்கா வந்து கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். சளியில் கிருமி இல்லை என்று டாக்டர் சொன்னால்தான் பிள்ளை திரும்பி வரும் என்று இரண்டு குடும்பமும் சேர்ந்து முடிவு செய்தார்கள். பிள்ளையைப் பிரிக்க வேண்டியதில்லை, தடுப்பு மாத்திரை கொடுத்துக்கொண்டே தாயிடம் விடலாம் என்று எங்கள் மருத்துவ அதிகாரி எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். யாரும் காதில் வாங்கவில்லை.

அவளைப் போலச் சொன்ன பேச்சைக் கேட்கிற நோயாளியை நான் பார்த்ததில்லை. வாயை மூடிக்கொண்டு பேசு என்று ஒருமுறைதான் சொன்னேன். அதிலிருந்து முந்தானையை வாயில் வைத்து, முகத்தையும் ஒரு பக்கமாகத் திருப்பிக்கொண்டுதான் பேசுவாள். எனக்கு அவளுடைய ஒரு காதும் ஒரு கம்மலும்தான் நன்றாகத் தெரியும். ஒரு நாள் மகளுக்கென்று தைத்த கவுனைக் கொண்டுவந்தாள். நெஞ்சில் சின்னச் சின்னதாக நீலப் பூ.

"இத வேக வச்சிட்டுக் குடுத்தனுப்பினா கிருமி போயிடுங்களா டாக்டரம்மா?"

"துணியில எல்லாம் ஒண்ணும் ஒட்டிக்காது. அப்படியே அனுப்பு."

"அனுப்பலாங்களா?"

"அனுப்பு."

அவள் அனுப்பவில்லை. சளி சுத்தமான பிறகு தன் கையாலேயே போட்டுவிட வேண்டுமென்று வைத்துக்கொண்டாள். "பாஸ்குக்குள்ள வந்துடும் இல்லீங்களா?" என்று கேட்டாள். ஈஸ்டரை அவர்கள் பாஸ்கு என்பார்கள். தினம் ஊசி போடுகிற காலம் முடிந்திருந்தது, எடை ஏறியிருந்தது, இருமல் அடங்கியிருந்தது. எனக்கும் நம்பிக்கைதான். "வந்துடும்" என்றேன்.

இனிமேல் மாத்திரை மட்டும். ஆரம்பத்தில் வெறும் வயிற்றில் போட்டு ஒருமுறை வாந்தி எடுத்திருந்தாள். அதனால் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினேன். காலையில் சாப்பிட்ட பிறகு, ராத்திரி சாப்பிட்ட பிறகு. வெறும் வயிற்றில் தொடவே கூடாது. அவள் அதை இரண்டு முறை திருப்பிச் சொல்லிக் காட்டிவிட்டுத்தான் போனாள். மாத்திரை ஒரு மாதத்துக்கு மொத்தமாகக் கொடுப்போம்.

அடுத்த மாதம் வந்தபோது எடை இறங்கியிருந்தது. கன்னம் ஒட்டியிருந்தது. இருமல் திரும்பியிருந்தது. நான் எதுவும் கேட்பதற்கு முன்பே ஒரு பவுடர் டப்பாவை எடுத்து மேசைமேல் வைத்து, "மீதி இருக்குதுங்க, புதுசா கொஞ்சம் குடுத்தா போதும்" என்றாள். திறந்து பார்த்தேன். டப்பா நிறைய மாத்திரை.

எனக்கு வந்த கோபம் அவள்மேல் மட்டும் வந்ததல்ல. பாஸ்குக்குள் வந்துவிடும் என்று சொன்ன என் வாய்மேல் வந்தது. அந்த நீலப் பூக்கள்மேல் வந்தது. திட்டித் தீர்த்தேன். பிள்ளைமேல் ஆசை இருக்கிறவள் இப்படிச் செய்வாளா என்று கேட்டேன். வெளியே வரிசையில் இருந்தவர்களுக்கெல்லாம் கேட்டிருக்கும். அவள் முந்தானையை எடுக்காமல், முகத்தைத் திருப்பியபடியே ஒன்றுதான் சொன்னாள்.

"நீங்க சொன்ன மாரியே தாங்க போட்டுக்கறேன்."

கண் முன்னால் டப்பா இருக்கிறது, எனக்கே கதை சொல்கிறாள் என்று இன்னும் கொஞ்சம் எகிறினேன். அவள் எழுந்து போனாள்.

அந்த வாரம் தாள் பத்தவில்லை எனக்கு. உனக்கு என்ன தோன்றியது என்ற கேள்விக்கு முதன்முறையாகப் பக்கம் பக்கமாகப் பதில் வந்தது. அடுத்த முறை என்ன செய்வாய் என்பதற்கு, "இன்னும் கண்டிப்பாக எடுத்துச் சொல்வேன்" என்று எழுதி அடிக்கோடு வேறு போட்டேன்.

சனிக்கிழமை நாங்கள் உட்காருவது தடுப்பூசிப் பெட்டிகள் அடுக்கிய அறையில். அவரவர் சோற்றைப் பிரித்துவைத்துக்கொண்டு படிப்போம். நான் ஏற்ற இறக்கத்தோடு படித்தேன். என் வசனங்கள் எனக்கே பிடித்திருந்தன. படித்து முடித்ததும் பாராட்டு வரும் என்று நிமிர்ந்து பார்த்தேன்.

மணப்பட்டுக்காரன் கருவாட்டு முள்ளை எடுத்து ஓரமாக வைத்துவிட்டுக் கேட்டான்.

"டப்பாவ நீ கொண்டாரச் சொன்னியா?"

"இல்ல. அவளாத்தான் எடுத்து வச்சா."

"மாத்திர போடாதவ, போடலன்னு ஏன் கொண்டாந்து காட்றா?"

"அதெல்லாம் எனக்கு இன்னா தெரியும்?"

டவுன்காரி என் கையிலிருந்த தாள்களை வாங்கினாள். புரட்டினாள். அவளுக்குத் தாளில் எதைப் பார்த்தாலும் இடம் எப்படிப் பங்கிட்டிருக்கிறது என்றுதான் கண் போகும்.

"இவ்ளோவும் நீ பேசினது. அவ பேசினது இந்த ஒரு வரி." விரலை வைத்துக் காட்டினாள். "இது பொய்யில்லன்னா?"

"டப்பா நிறைய மாத்திர இருக்குதுன்னு சொல்றேன்."

"சரி. ஆனா இது பொய்யில்லன்னா?"

"கேள்வி மட்டும் கேக்கலாம்னா ஒரே கேள்வியயே கேப்பியா?" என்று டிபன் கேரியரை மூடிக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன். வழி முழுக்க டவுன்காரியைத் திட்டினேன். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, கடைக்குப் பின்னால் புளிமூட்டைமேல் உட்கார்ந்து அந்தத் தாள்களை மறுபடி எடுத்துப் பார்த்தேன். படிக்கப் படிக்க என் குரல் எனக்கே சலித்தது. அந்த ஒரு வரி மட்டும் பல்லில் சிக்கிய நார் மாதிரி நின்றுகொண்டிருந்தது. பொய் இல்லை என்றால், நான் சொன்ன மாதிரியே போட்டும் மீதி வந்திருக்கிறது. நான் சொன்னது என்ன?

திங்கட்கிழமை வெளிநோயாளிகளை முடித்துவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். ஜீப் வேண்டாம் என்றுவிட்டேன். ஜீப் ஒரு வீட்டு வாசலில் நின்றால் அந்த வீட்டில் என்ன வியாதி என்று தெருவே பேசும்.

என்னைப் பார்த்ததும் அவள் பயந்துவிட்டாள். அவசரமாக முந்தானை வாய்க்குப் போனது. இன்னும் மீதித் திட்டு இருக்கிறது, வீடு தேடி வந்துவிட்டாள் என்று நினைத்திருப்பாள். முக்காலியை எடுத்துப் போட்டாள். உட்கார்ந்தேன். எனக்கு எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. வாயைத் திறந்தால் வழக்கம்போல் நானே பேசிவிடுவேன் என்று பயமாக இருந்தது.

"நேத்து காலைல எழுந்ததுலேருந்து இன்னா பண்ணேன்னு சொல்லும்மா. எல்லாத்தையும் சொல்லு" என்றேன்.

"நேத்துங்களா? எழுந்தேங்க, பூசைக்குப் போனேன். வந்து இட்லி சாப்பிட்டேன். மாத்திர போட்டுக்கினேன். மத்தியானம் சோறு. ராத்திரி சோறு சாப்பிட்டுட்டு மாத்திர போட்டுக்கினேன்."

சரியாகத்தான் போட்டிருக்கிறாள். அப்படியானால் டப்பா ஏன் நிறைந்திருக்கிறது? சும்மாதான், வேறு கேள்வி இல்லாததால் கேட்டேன்.

"முந்தா நாளு?"

அவள் பேசவில்லை. கம்மல் மட்டும் தெரிந்தது. நானும் பேசவில்லை. அது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று என் வீட்டில் கேட்டால் சொல்வார்கள்.

"முந்தா நாளு ஒருசந்திங்க" என்றாள் கடைசியில்.

தவக்காலம் வந்துவிட்டால் எங்கள் கடையில் கறி மசாலா சாமான் விற்பனை படுத்துவிடும். அது எனக்குச் சிறுவயதிலிருந்தே தெரியும். அதற்குமேல் தெரியாது. எங்கள் வீட்டு விரதம் அமாவாசை, வெள்ளிக்கிழமை என்று ஒருநாள் சமாச்சாரம். இவர்களுக்கு விபூதிப் புதனிலிருந்து பாஸ்கு வரைக்கும், ஞாயிற்றுக்கிழமை நீங்கலாக, ஒருவேளைச் சாப்பாடு, அதுதான் ஒருசந்தி. எல்லாரும் பிடிப்பதில்லை, வேண்டுதல் உள்ளவர்கள் பிடிப்பார்கள் என்று அவள் சொல்லித்தான் தெரிந்தது. மத்தியானம் ஒருவேளை சோறு. காலையில் பாலில்லாத வறக்காப்பி. ராத்திரி?

"ராத்திரி ரெண்டு வாய் கஞ்சித் தண்ணிங்க. அது சாப்பாட்டுக் கணக்குல வராது. வெறும் வயித்துல தொடவே கூடாதுன்னு சொன்னீங்களே. அதான் ஞாயித்துக்கிழமை மட்டும் போட்டுக்கறேன்."

நான் சொன்ன மாதிரியேதான். ஒரு எழுத்துப் பிசகாமல். காலையில் சாப்பிடவில்லை, மாத்திரை இல்லை. ராத்திரி சாப்பிடவில்லை, மாத்திரை இல்லை. மத்தியானம் சாப்பிட்டாள், ஆனால் மத்தியானத்துக்கு நான் எதுவும் சொல்லவில்லை.

"நோயாளி ஒருசந்தி இருக்கணுமா? உங்க சாமியார் ஒண்ணும் சொல்லலியா?"

"ஒடம்பு சரியில்லாதவங்களுக்கு வேணாம்னுதாங்க சொன்னாரு. நானாத்தான் நேந்துக்கினேன்."

"எதுக்கு?"

முகத்தை இன்னும் திருப்பிக்கொண்டாள். "புள்ள வரணும்னு தாங்க."

பிள்ளை வர வேண்டும் என்று பட்டினி கிடக்கிறாள். பட்டினி கிடப்பதால் மாத்திரை போடவில்லை. மாத்திரை போடாததால் பிள்ளை வராது. அந்தப் பெண்ணிடம்தான் நான் பிள்ளைமேல் ஆசை இருக்கிறதா என்று கேட்டிருக்கிறேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு, அடுப்புப் புகை என்று சொல்லிப் பார்த்தேன். அடுப்பு எரியவே இல்லை.

"அன்னைக்கே இத சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா ஒருசந்திய வுட்டுடுன்னு சொல்லிடுவீங்கன்னு பயந்துக்கினேன் டாக்டரம்மா. நேந்துக்கினத வுட முடியுங்களா?"

அவள் சொன்னது சரி. அன்றைக்குச் சொல்லியிருந்தால் ஒரே வாக்கியத்தில் விரதத்தை முறித்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டிருப்பேன். இன்றைக்கும் நாக்கு நுனி வரைக்கும் அதுதான் வந்தது. முழுங்கிவிட்டேன். நிலையத்துக்குத் திரும்பி மருத்துவ அதிகாரியிடம் விஷயத்தைச் சொன்னேன். இரண்டு வேளை மாத்திரையையும் ஒரே வேளையாக, அந்த மத்தியானச் சோற்றுக்குப் பிறகே கொடுக்கலாம், ஒன்றும் கெட்டுப்போகாது என்றார். சோற்றோடு பயறும் முட்டையும் நிறையச் சேர்த்துக்கொள்ளச் சொன்னார். "முட்டை சேக்கலாங்களா?" என்று அவள் சாமியாரிடம் கேட்டுவிட்டுத்தான் சேர்த்தாள். விரதம் விரதமாகவே இருந்தது.

ஒன்றை மட்டும் சொல்லாமல் தீராது. பாஸ்குக்குள் பிள்ளை வராது. போன மாதம் போனதுதான், மறுபடி சளி சுத்தமாக நாளாகும். அதையும் நானே போய்ச் சொன்னேன். கோபப்பட்டிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும். "சரிங்க" என்றாள். கவுனை மடித்து டிரங்குப் பெட்டியில் வைத்தாள்.

அதிலிருந்து மத்தியானம் கோயில் மணி அடித்தால் எனக்கு அவள் ஞாபகம். இப்போது சோறு போட்டுக்கொள்வாள், இப்போது டப்பாவைத் திறப்பாள் என்று, யாருக்கோ காது பார்த்துக்கொண்டிருக்கும்போதே கணக்கு ஓடும். "மணி அடிச்சா ஏன்பா நீ மேல பாக்கற?" என்று மணப்பட்டுக்காரன் கேட்டான். சனிக்கிழமை இல்லாவிட்டாலும் அவன் கேள்விதான் கேட்பான். டவுன்காரியோ அதன்பிறகு தன் தாள்களில் பாதியைத் தமிழில் எழுத ஆரம்பித்தாள். நோயாளி பேசியது இங்கிலீஷில் போனால் எல்லாரும் ஒரே மாதிரி பேசுகிறார்கள் என்றாள். அவளுடைய தமிழ்க் கையெழுத்து கோழி கிளறியது போல இருந்தது. எனக்குப் பரம திருப்தி.

பாஸ்கு வந்தது, போனது. அவள் பூசைக்குப் போய்விட்டுத் தனியாகத்தான் திரும்பினாள் என்று அவள் புருஷன் சொன்னான். விரதம் முடிந்து சாப்பாடு மூன்று வேளை ஆனபோது, என்னிடம் வந்து, இனி எந்தச் சாப்பாட்டுக்குப் பிறகு என்று முறையாகக் கேட்டுக்கொண்டு போனாள். மாதா கோயில் தேர் முடிந்தது. வெயில் ஏறியது. எடையும் ஏறியது. முதல் பரிசோதனையில் சளி சுத்தம் என்று வந்தும், நான் நம்பாமல் இன்னொரு தடவை பார்க்கச் சொன்னேன். இன்னொரு தடவையும் சுத்தம்.

எங்கள் மூவருக்கும் அந்த ஊரில் கடைசி வாரம். நெட்டப்பாக்கத்திலிருந்து பிள்ளையை அழைத்துவருகிறார்கள், டாக்டரம்மாவும் இருக்க வேண்டும் என்று புருஷன் வந்து கூப்பிட்டான். போனேன். கைக்குழந்தையாகப் போனது நடந்து வந்தது. அக்காவின் புடவையைப் பிடித்துக்கொண்டு, யார் வீடு இது என்பது போலப் பார்த்தது. டிரங்குப் பெட்டியிலிருந்து கவுன் வந்தது. தலைக்கு மேலேயே நின்றுவிட்டது, கழுத்தில் தலை நுழையவில்லை. அக்கா சிரித்தாள். புருஷன் சிரித்தான். அவள் அந்தக் கவுனைக் கையில் வைத்துக்கொண்டு நீலப் பூக்களை நீவிவிட்டபடி நின்றாள்.

குழந்தைக்கு அந்தப் பூக்கள் பிடித்துவிட்டன போலிருக்கிறது. அக்காவை விட்டுவிட்டு வந்து, கவுனைப் பிடித்து இழுத்தது. அவள் தரையில் உட்கார்ந்தாள். பிள்ளை அவள் மடிக்கே வந்து நின்றது. உடனே அவள் கை பழக்கத்தில் முந்தானையை எடுத்து வாயில் வைத்தது, முகம் பக்கவாட்டில் திரும்பியது. குழந்தைக்கும் ஒரு கம்மல்தான் தெரிந்திருக்கும்.

"முந்தானைய எடும்மா. இனிமே வேணாம்" என்றேன்.

மெதுவாக எடுத்தாள். அவள் முழு முகத்தையும் அன்றுதான் நான் பார்த்தேன். மோவாயில் ஒரு சின்னக் குழி. குழந்தைக்கும் அதே இடத்தில் அதே குழி.

"டாக்டரம்மா" என்றாள். "முத்தம் குடுக்கலாங்களா?"

"குடு."

அவள் கொடுக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சொன்னதை எழுத்துக்கு எழுத்து அப்படியே செய்கிறவள். இன்னும் ஏதோ பாக்கி இருக்கிறது, டாக்டரம்மா இன்னும் சொல்லி முடிக்கவில்லை என்று காத்திருக்கிறாள். எனக்கு அது புரிந்தது. இந்த முறை ஒன்றும் விட்டுப்போகாமல் சொன்னேன்.

"காலைல குடு. மத்தியானம் குடு. ராத்திரி குடு. சாப்பிட்டாலும் குடு, சாப்பிடாட்டாலும் குடு."